குறைந்தபட்ச கூலி: யாரோட ஒப்பிடறது?

போன மாசம் ஊருக்கு, அதாவது வேப்பனப்பள்ளிக்கு, போயிருந்தேன். டீக்கடையில அக்கா பையனும் அவன் கூட்டாளியும் ஒரே சண்டை. இவனுக்கு வேலை ஓசூர்ல. அவனுக்கு எல்லை தாண்டி மாலூர்ல. ரெண்டு பேருமே கான்ட்ராக்ட். ஆளுக்கொரு சம்பள சிலிப்பை செல்போன்ல காட்டிக்கிட்டு, எங்க கவர்மென்ட் ரேட்டு ஜாஸ்தி, உங்க ரேட்டு கம்மின்னு ரகளை. கடைசியில என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்கதான் கண்டதையும் படிக்கிறவராச்சே, நீங்களே சொல்லுங்க"ன்னான்.

பார்த்தேன். வித்தியாசம் சில நூறு ரூபாய்தான். "சரி, உங்க லைன்லயே நிக்கிற பர்மனென்ட் ஆளுக்கு எவ்வளவுடா?"ன்னு கேட்டேன். ரெண்டு பேரும் கப்சிப்.

எனக்கு இந்தக் கேள்வி சும்மா வரலை. இருபது வருஷம் முன்னாடி நான் முதல்ல வேலைக்குப் போன இடத்துல (பேர் வேண்டாம்) எனக்கு சட்டப்படி அரசாங்கக் கூலி. பைசா குறையாது. பக்கத்து மெஷின் அண்ணனுக்கு அதைப்போல மூணு மடங்கு. வேலை ஒண்ணுதான். குறைந்தபட்ச கூலிங்கறது எதோட குறைந்தபட்சம்னு அப்ப ஆரம்பிச்ச குழப்பம், இன்னும் தீரலை :-)

கதையைக் கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம். 1946 ஏப்ரல்ல குறைந்தபட்ச கூலி மசோதாவை மத்திய சட்டசபையில கொண்டுவந்தவர் அப்போ தொழிலாளர் துறையைப் பார்த்துக்கிட்டிருந்த அம்பேத்கர். 1948ல சட்டமாச்சு. எல்லாத் தொழிலுக்கும் ஒரே கூலின்னு அது சொல்லலை. பீடி, அரிசி ஆலை, கல் உடைக்கிறது, தோல் பதனிடுறதுன்னு ஒரு பட்டியல். பெரும்பாலான தொழிலுக்கு ரேட்டு வைக்கிற வேலை மாநிலங்களோடது. ஒரே ரோட்டுல ரெண்டு ரேட்டு வந்த கதை இதுதான். ஒரு மாநிலம் முழுக்க ஆயிரம் பேருக்குக் கீழ இருக்கிற தொழிலா இருந்தா, கூலி நிர்ணயிக்காமலே விடலாம்னும் ஒரு சந்து வெச்சிருந்தாங்க.

சரி, எவ்வளவு வைக்கிறது? 1957ல 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு கணக்கு போட்டுச்சு. ஒரு சம்பாத்தியத்துல மூணு பங்கு வயிறு, பெரியவங்க ஒருத்தருக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி, அப்புறம் வாடகை, விறகு, விளக்கு. 1991ல உச்ச நீதிமன்றம் ரெப்டகாஸ் பிரெட் வழக்குல படிப்பு, வைத்தியம், நல்லது கெட்டதுக்கெல்லாம் இன்னொரு 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. அது நம்ம சென்னைத் தொழிற்சாலை வழக்குதான். 2020 வரைவு விதிகளைத் திறந்தா 66 மீட்டர் துணின்னு இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க, அதே 72 கெஜம்! அறுபது வருஷத்துல கெஜம் மீட்டராச்சு, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு தப்புன்னு சொல்லலை. வயித்துல இருந்து அளக்குற கணக்கு. விலை ஏறினா டி.ஏ. ஏறும். அதுலயும் ஒரு கூத்து: தமிழ்நாட்டுல டி.ஏ.வுக்கு அளவுகோல் சென்னை விலைவாசிக் குறியீடு. ஓசூர்ல வாடகை ஏறுறது பெங்களூரைப் பார்த்து. ஆனா பக்கத்துல நிக்கிறவன் கூலி ஏறினா? அதுக்கு டி.ஏ.வுல இடமே இல்லை.

பிரான்ஸ் இதே பள்ளத்துல விழுந்து எழுந்திருக்கு. 1950ல தேசியக் குறைந்தபட்ச கூலி வெச்சாங்க. சீக்கிரமே அதை விலைவாசியோட கட்டினாங்க. நாடு வளர்ந்தது, மத்தவங்க சம்பளம் ஓடுச்சு, இது மட்டும் அரிசி பருப்பு பின்னாடியே (அவங்களுக்கு ரொட்டி) நடந்துச்சு. 1968 மே மாசம் நாடே ஸ்தம்பிச்ச பிறகுதான் மணிக்கு 2.22 ஃபிராங்க் ஒரே அடியா 3 ஃபிராங்க் ஆச்சு. 1970ல சட்டத்தையே மாத்தி, தொழிலாளிகளோட சராசரிக் கூலியின் வாங்கும் சக்தி உயர்ந்தா அதுல பாதியாவது கடைசி ஆளுக்கும் வரணும்னு எழுதினாங்க.

பிரிட்டன் வேற ரூட்டு. 1909ல இருந்து தொழில்வாரியா வாரியம், நம்ம பட்டியல் மாதிரியே. 1993ல விவசாயம் தவிர எல்லாத்தையும் கலைச்சாங்க. 1999 ஏப்ரல்ல நாடு முழுக்க மணிக்கு 3.60 பவுண்டு. எல்லாரையும் சம்பள வரிசையில நிக்க வெச்சா நடுவுல நிக்கிறவர் வாங்குறதுல பாதிகூட இல்லை அது. அப்புறம் அந்த நடு ஆளோட சம்பளத்துல மூணுல ரெண்டு பங்குன்னே இலக்கு வெச்சு, 2024ல 11.44 பவுண்டுல அதைத் தொட்டாங்க. ஆக ரெண்டு நாடும் கடைசியில பக்கத்து ஆளைத்தான் அளவுகோலாக்கினாங்க.

நம்ம கதைக்கு வருவோம். அஞ்சு வருஷத்துக்குள்ள மறுபரிசீலனை பண்ணணும்னு 1948 சட்டம் சொல்லுச்சு. தமிழ்நாட்டுல தையல் தொழிலுக்கு 2004க்கு அப்புறம் 2014லதான் உயர்த்தினாங்க. முதலாளிகள் நூத்துக்கணக்குல வழக்கு போட்டு, 2016 ஜூலையிலதான் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும்னது. கர்நாடகா மட்டும் என்ன வாழுதாம்? 2020ல அந்த வருஷ டி.ஏ.வையே ஒரு வருஷம் தள்ளி வெச்சு ஆணை போட்டாங்க. உயர் நீதிமன்றம் தடை போட வேண்டியிருந்துச்சு. 2025 நவம்பர் 21ல பழைய சட்டம் போய், 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கு. எல்லா மாநிலத்துக்கும் ஒரு அடிமட்டக் கூலி வைக்க அதுல வழி இருக்கு. அங்கயும் பேச்சு குறைந்தபட்ச வாழ்க்கைத் தரம்னுதான். நடு ஆளைப் பத்தி மூச்சு இல்லை.

நேத்து அக்கா பையன் போன் பண்ணினான். மாலூருக்கே மாறிட்டானாம். "ரேட்டு பார்த்தாடா?"ன்னேன். "அதெல்லாம் இல்ல மாமா, அந்தக் கம்பெனி வண்டி நம்ம தெருமுனைக்கே வருது"ன்னான்.