கசிவின் வரலாறு: பழவேற்காட்டுக் கரையில் விறகு பிளந்த கதை

மதுரைத் தெருவில் இறைவனே விறகுக்கட்டைத் தலையில் சுமந்து விற்ற கதையைப் பரஞ்சோதி முனிவர் 'விறகு விற்ற படலம்' எனப் பாடியிருக்கிறார். அதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் பாணபத்திரரைப் பற்றியும் ஏமநாதனைப் பற்றியும் கேட்பார்கள். சிலர் 1965-இல் வந்த திரைப்படத்தைப் பற்றிக் கேட்பார்கள். அந்த விறகு எந்தக் காட்டில் வெட்டப்பட்டது, எப்படிப் பிளக்கப்பட்டது என்று ஒருவரும் கேட்டதில்லை. நெடுங்காலம் எனக்கும் அது தோன்றவில்லை. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் சாலையோரத்து விறகுத்தொட்டி ஒன்றில், மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு பிற்பகலில்தான் அந்தக் கேள்வி எழுந்தது. அங்கே கொட்டகையின் மூலையில் ஒரு பழைய ஹைட்ராலிக் விறகு பிளக்கும் இயந்திரம் பிரித்துப் போடப்பட்டிருந்தது. பெரியவர் ஒருவர் அதன் உருளையிலிருந்து தேய்ந்த ரப்பர் வளையத்தைக் குச்சியால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார்.

பழவேற்காடு என்றதும் நம் நினைவுக்கு வருபவை டச்சுக் கல்லறைகளும் பூநாரைகளும்தாம். 1613-இல் கட்டி முடிக்கப்பட்ட கெல்ட்ரியா கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் அங்கே ஏற்றப்பட்ட துணிகளைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். அக்கோட்டையில் வெடிமருந்தும் செய்யப்பட்டது. வெடிமருந்துக்கு வெடியுப்பும் கந்தகமும் போலவே கரியும் வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். ஆக, ஏரியைச் சூழ்ந்த காடுகளுக்கும் ஐரோப்பியப் பீரங்கிகளுக்கும் இருந்த உறவு நானூறு ஆண்டுப் பழமை உடையது.

விறகு பெருவணிகமானது சென்னை நகரம் வளர்ந்த பிறகுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகரின் அடுப்புகளோடு ரயில் என்ஜின்களும் விறகைத் தின்னத் தொடங்கின. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காடு இந்தப் பசிக்கு உணவாயிற்று. அங்கு வாழ்ந்த யானாதி மக்கள் காட்டுப் பொருள்களைத் திரட்டிக் கொடுத்து அரசிடம் தானியம் பெற்ற முறையைத் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில் காணலாம். பின்னர் சவுக்கு வந்தது. இன்று நெய்தல் நிலத்தின் ஆதி மரம் என்றே பலரும் எண்ணும் சவுக்கு, எரிபொருளுக்காகவே இக்கரையில் பெருமளவில் நடப்பட்ட வந்தேறி மரம்.

வெட்டிய விறகு நகரத்துக்குப் போன வழி பக்கிங்ஹாம் கால்வாய். பாசில் காக்ரேன் என்பவர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 1806-இல் முடித்த சிறு கால்வாயில் தொடங்கி, பல பத்தாண்டுகளாக வடக்கிலும் தெற்கிலும் நீண்ட பாதை அது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்ப் பகுதி 1877-78-இல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சிக்கு நின்றவர்கள். பெயர் மட்டும் அப்போதைய ஆளுநரான பக்கிங்ஹாம் கோமகனுடையது! பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் தோணிகள் பழவேற்காட்டு ஏரியைக் கடந்து பேசின் பாலம் வரை விறகையும் கரியையும் உப்பையும் கொண்டுசேர்த்தன. நகரின் விறகுத்தொட்டிகளில் அவ்விறகைப் பிளந்தவர்கள் கையில் கோடாலி, இரும்பு ஆப்பு, சம்மட்டி ஆகியவையன்றி வேறு கருவி இல்லை.

ஆப்பு எளிய கருவிதான்; ஆனால் அதன் கோணத்தில் ஒரு கணக்கு உண்டு. மிகவும் கூர்மையானால் மரத்துக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். மழுங்கினால் தெறித்து விழும். ஆப்பசைத்த குரங்கின் கதை நமக்குப் புத்திமதியாக மட்டுமே சொல்லப்பட்டது. பாதி பிளந்த மரம் தன்னை மீண்டும் மூடிக்கொள்ள எவ்வளவு விசையோடு காத்திருக்கிறது என்பதை அறிந்த ஒரு மரவேலைக்காரன்தான் அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அந்த இயந்திரம். அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கலின் கருத்து, அவர் இறந்த மறு ஆண்டான 1663-இல் அச்சேறியது. அதை வேலை செய்யும் அழுத்துபொறியாக்கி 1795-இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா. அவர் பெயர் பெற்ற பூட்டுத் தொழிலாளியும்கூட. கருத்துக்கும் கருவிக்கும் இடையே இத்தனை காலம் ஆனதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். பிராமாவைப் பொறுத்தவரை பெரிய தடை ஒன்றே ஒன்று, கசிவு. அழுத்தம் ஏறினால் தண்டின் ஓரமாக நீர் பீறிடும். பீறிடாதபடி இறுக்கிக் கட்டினால் தண்டு நகராது. கிண்ணம் போல் வளைந்த தோல் வளையம் ஒன்று இதைத் தீர்த்தது. உள்ளே அழுத்தம் கூடக்கூட அதன் விளிம்பு தானே விரிந்து தண்டோடு இறுகும். அழுத்தம் தணிந்தால் தளரும். இதைச் செய்தவர் பிராமாவின் பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லே என்று, அவரிடம் பின்னாளில் வேலை கற்ற ஜேம்ஸ் நாஸ்மித் எழுதியுள்ளார். சில ஆண்டுகளில் மாட்ஸ்லே கூலி உயர்வு கேட்டார். மறுக்கப்பட்டதால் பட்டறையை விட்டு வெளியேறினார். காப்புரிமை யாருக்கு, வளையம் யாருடையது என்ற கேள்வி அன்றும் இருந்திருக்கிறது.

பெரியவர் கையில் இருந்தது அந்தத் தோல் வளையத்தின் பேரப்பிள்ளை. டீசல் என்ஜின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்பு தொட்டியிலுள்ள எண்ணெயை வால்வு வழியாக உருளைக்குள் தள்ளுகிறது. உருளையிலிருந்து வெளியேறும் தண்டு கட்டையை ஆப்பின் மீது அழுத்துகிறது. உருளையின் உள்விட்டம் பத்து சென்டிமீட்டர், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ என்று கொண்டால், ஆப்பின் முனையில் 11 டன்னுக்கும் மேற்பட்ட விசை கிட்டும். முற்றிக் காய்ந்து முறுகிய சவுக்கும் அதற்கு வாய் திறந்துவிடும்.

ஆனால் ஏரிக்கரையில் அதற்கு ஒரு பகை உண்டு. தண்டின் மேலுள்ள குரோமியப் பூச்சில் உப்புக்காற்று ஊசிமுனையளவு குழிகளை உண்டாக்குகிறது. தண்டு உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் அக்குழிகளின் விளிம்பு வளையத்தை அரத்தைப் போல் அராவுகிறது. புதிய வளையம் போட்டாலும் தண்டைச் சரிசெய்யாவிட்டால் சில வாரங்களில் மறுபடியும் ஒழுகும். (இதைச் சொல்லாமல் வளையத்தை மட்டும் மாற்றிக் கொடுத்து மூன்று முறை கூலி வாங்கிய ஒரு மெக்கானிக்கைப் பற்றிப் பெரியவர் உதிர்த்த சொற்களை இங்கே எழுத இயலாது.) ஆகவே வேலை முடிந்ததும் தண்டை உள்ளே இழுத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். தொட்டியின் எண்ணெய் அளவையும் தண்டு உள்ளே இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். வெளியே இருக்கையில் பார்த்து நிரப்பினால், அது திரும்பும்போது எண்ணெய் வழிந்துவிடும். மற்றொன்று, தொட்டி மூச்சு விடுகிறது. தண்டு நீளும்போது தொட்டியில் எண்ணெய் மட்டம் இறங்கி, மூடியின் துளை வழியே வெளிக்காற்று நுழைகிறது. மார்கழிப் பனியில் அந்தக் காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படிந்து எண்ணெயைப் பால்போல் வெளுக்கச் செய்யும். வெளுத்த எண்ணெய் பம்பை அரித்துவிடும். முழுவதும் இறக்கி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. 'ஹைட்ராலிக்' என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியில் நீர் என்பது. பிராமாவின் பொறி நீரால்தான் இயங்கியது. அதன் வழித்தோன்றலை இன்று கெடுப்பதும் நீர்தான்.

நான் குனிந்து, குழாய் மூட்டில் மினுங்கிய ஈரத்தைத் தொடப் போனேன்.

"கைய வெச்சிப் பாக்காதீங்க சார். வண்டி ஓடுறப்போ இப்படித் தொட்டுப் பழகிட்டா அவ்ளோதான். அட்டைய வெச்சிப் பாக்கணும்" என்றார் அவர்.

அது வெறும் எச்சரிக்கையன்று. மயிரிழையளவு விரிசலிலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே ஓர் எறும்புக்கடி போலத்தான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இராது. உடனே அறுவை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கோடாலியால் வந்த காயம் தன்னைத் தானே அறிவித்துக்கொண்டது. இந்தக் காயம் ஒளிந்திருக்கிறது.

இக்கரையில் கசிவோடு போராடியவர்கள் விறகுக்காரர்கள் மட்டுமல்லர். சென்னைக் கடலலையைக் கடந்த மசூலாப் படகுகளில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலின் இடையே நாரைத் திணித்தார்கள். அலை அடித்தால் படகு வளைந்து கொடுத்தது, உடையவில்லை. கட்டுமரக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்க் கசிவையே ஏற்றுக்கொண்டார்கள். நீர் உள்ளே வந்து வெளியேறும் கலத்துக்கு அடைப்பு எதற்கு? மாறாக, கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்தினார்கள். உலராத மரம் கனத்து மூழ்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. இன்று விரிசலுக்கு நாருக்குப் பதில் பிசின் பூசுகிறார்கள்.

நவீன ரப்பர் 'ஓ' வளையத்துக்கு நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்ததற்கு, குளிரில் விறைத்துப்போன அத்தகைய வளையம் காரணமாயிற்று. இதை நினைவுகூரக் காரணம், கொட்டகைக்கு வடக்கே ஏரிக்கு அப்பால் இருப்பது அதே ஸ்ரீஹரிகோட்டா. அத்தீவு 1969-இல் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9-இல் முதல் ராக்கெட் எழும்பியது. விறகு வெட்டிய ஊர்கள் காலிசெய்யப்பட்டன. வேலிக்குள் அகப்பட்டதால் மீந்த காடு பிழைத்தது; அதில் வாழ்ந்தவர்கள் வெளியேறினார்கள். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட என்னால் இயலவில்லை.

கால்வாயோ தூர்வாரப்படாமல் மெல்ல மெல்ல இறந்தது. புயல்கள் கரையை உடைத்தன, லாரி வந்தது, பிறகு எரிவாயு உருளை வந்தது. 2008-இல் அதைத் தேசிய நீர்வழி எண் 4-இன் பகுதியாக அறிவித்தார்கள். ஆனால் பெரியவரின் தந்தை கயிறு இழுத்து நடந்த கரையில் இன்று முள்மரம் மண்டிக் கிடக்கிறது.

மழை விட்டதும் அவர் புதிய வளையத்துக்கு எண்ணெய் தடவி, முறுக்கிக்கொள்ளாமல் கட்டைவிரலால் பள்ளத்தில் அமர்த்தினார். தண்டின் குழிகளை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. என்ஜினைக் கிளப்பி, சுமை ஏற்றாமல் தண்டை ஐந்தாறு முறை முழுவதுமாக நீட்டி மடக்கினார். உருளைக்குள் அகப்பட்ட காற்று வெளியேறும்வரை அது திக்கித் திக்கி நகர்ந்தது. பிறகு ஒரு சவுக்குக் கட்டையை வைத்தார். மூட்டின் அருகே அட்டையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதை என்னிடம் நீட்டினார். அட்டை காய்ந்திருந்தது.