பட்டம் இல்லாத பொறியாளர்: அனுபவத்துக்கு யார் சாட்சி?

பொறியாளராகப் பதிவு செய்ய அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் பட்டம் வேண்டும். இதை ஏதோ இயற்கை விதி போல எடுத்துக்கொள்ள நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். ஆனால் இந்தப் பதிவு முறைக்கே வயது நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான். பட்டம் இல்லாதவர்களுக்கும் அதில் ஒரு வாசல் இருந்தது. சில நாடுகளில் இன்றும் இருக்கிறது. அந்த வாசல் யாருக்குத் திறந்தது, யார் முகத்தில் மூடியது என்பதே நமது கேள்வி.

அமெரிக்காவில் இதற்கான முதல் சட்டத்தை வயோமிங் மாநிலம் 1907இல் இயற்றியது. நீர்ப்பாசன உரிமை கேட்டவர்கள் கொடுத்த வரைபடங்கள், அளவை வேலை தெரியாத ஆட்கள் வரைந்ததால் குளறுபடியாக இருந்தன. 1937இல் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் கசிந்த எரிவாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். அதே ஆண்டு டெக்சாஸும் சட்டம் கொண்டுவந்தது.

ஆகவே பதிவு முறையை நாம் எதிர்க்கவில்லை. தகுதியற்றவர் போட்ட சாரம் சரிந்தால் முதலில் சாவது அதன்மேல் நிற்கும் கூலித் தொழிலாளிதான். தகுதியை எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்பதில்தான் நமக்கு வழக்கு.

பிரிட்டனில் 1981இல் அரச சாசனத்தின்படி பொறியியல் கவுன்சில் உருவானது. அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இல்லாதவரும் அங்கே பதிவு கேட்கலாம். என்ன வேலை செய்தோம், எந்த முடிவை நாமே எடுத்தோம், எதற்குப் பொறுப்பேற்றோம் என்று ஆதாரத்தோடு எழுதித் தர வேண்டும். துறையினர் அதைப் பரிசீலித்து நேர்காணல் நடத்துவார்கள். இந்தியாவிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம் முதல் பதிவேட்டைத் தயாரித்தபோது, பட்டம் இல்லாவிட்டாலும் ஐந்தாண்டு தொழில் செய்தவர்களைச் சேர்த்துக்கொண்டது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுபவத்துக்கு ஆதாரம் யாரிடம் இருக்கும்?

எலைஜா மெக்காயின் கதையைப் பாருங்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பி கனடா சென்ற கறுப்பினப் பெற்றோரின் பிள்ளை அவர். ஸ்காட்லாந்தில் இயந்திரப் பொறியியல் பயின்று திரும்பினார். மிச்சிகன் ரயில்வே அவருக்குத் தந்த வேலை, நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுவதும் எண்ணெய் விடுவதும்தான். அந்த வேலையில் இருந்தபடியே, ஓடும் எஞ்சினுக்குத் தானாக எண்ணெய் விடும் கருவியைக் கண்டுபிடித்து 1872இல் காப்புரிமை பெற்றார். மூளை செய்தது பொறியியல். பதவிப் பெயர் சொன்னது கரி அள்ளுபவர் என்று.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டின் ஏரிப்பாசன ஊர்கள் பலவற்றில் மடையைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பங்கிட்ட நீர்கட்டிகள் தலித்துகளே. கூலியாக நெல் வந்தது. அனுபவச் சான்றிதழ் வரவில்லை. இன்றும் இருபது ஆண்டு கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, புதிதாக வந்த பட்டதாரிக்கு வேலை கற்றுக்கொடுப்பவர் சம்பளப் பதிவேட்டில் 'ஹெல்ப்பர்'. அவருக்கு யார் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்?

வேலை பார்த்துக்கொண்டே மேலேற நம்மிடம் இருந்த ஏணி ஏ.எம்.ஐ.இ. தேர்வு. 1920இல் தொடங்கிய இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் அதை நடத்தியது. கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாத டிப்ளமோக்காரர்கள் இரவில் படித்துத் தேறினால் பி.இ.க்கு இணை என்ற மதிப்பு கிடைத்தது. 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்கே அந்தச் சமநிலை என்று மத்திய அரசு வரையறுத்தது. கட்டணக் கல்லூரிகள் பெருகியிருந்த காலத்தில் கல்லூரிக் கட்டணம் கேட்காத ஏணியின் படிகள் உருவப்பட்டன.

இதைச் சொல்வதால், அனுபவம் போதும், கல்லூரி வேண்டாம் என்று யாரும் நமக்கு உபதேசிக்க இடம் கொடுக்கக் கூடாது. அண்ணல் அம்பேத்கர் 1942இல் வைஸ்ராயிடம் அளித்த மனுவிலேயே பட்டியல் சாதி மாணவர்கள் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க உதவித்தொகை கேட்டார். கல்லூரி இருக்கையும் வேண்டும், அனுபவத்தின் வாசலும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது பழைய தந்திரம்.

தோழர்களே, ஆதாரம்தான் வழக்கு என்றால் ஆதாரத்தைத் திரட்டுவோம். செய்யும் வேலைக்குரிய பதவிப் பெயரை எழுத்தில் கேளுங்கள். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, நீங்கள் திருத்திய வரைபடம், எம்-புக்கில் உங்கள் கையெழுத்துள்ள பக்கத்தின் நகல், எதையும் தூக்கி எறியாதீர்கள். படிப்பு முடித்தவர்கள் தம் ஊரின் மேஸ்திரிகளிடமும் பிட்டர்களிடமும் உட்கார்ந்து அவர்கள் செய்த வேலையைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். நம் உழைப்பை நாமே எழுதி வைக்காவிட்டால், நாளை வரும் எந்தப் பதிவேட்டிலும் நாம் ஹெல்ப்பர்தான்.