உள்நோவும் உழைப்பவர் சாட்சியும்

பதுளை, பசறை, அப்புத்தளை மலைச்சரிவுகளில் கொழுந்து கொய்யும் ஒரு பெண், காலைப் பெரட்டில் நின்று, 'வயிற்றுக்குள்ளே நோகிறது' என்றால் என்ன நிகழும்? வெட்டுக்காயத்தைக் கண் காணும். முறிந்த எலும்பைக் கை உணரும். உள்ளுறுப்பின் நோவுக்கோ அவள் சொல்லைத் தவிர வேறு சாட்சியில்லை. அச்சொல்லை ஏற்பதும் மறுப்பதும் நெடுங்காலம் வேலை வாங்குவோர் கையிலேயே இருந்தது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய 'பேர்' இல்லை. ஆகவே நோவு கூடையோடு மலையேறியது.

இந்த அவநம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. கோப்பிக் காலத்தில், 1872ஆம் ஆண்டு, தோட்டப் பகுதிகளின் வைத்தியத் தேவைகளுக்கென அரசு சட்டம் இயற்றியது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை இலங்கையில் தொடங்கியது. வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகும் இப்புழு, சிறுகுடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சும். வயிற்று நோவும் சோகையும் அதன் விளைவுகள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அதற்குச் 'சோம்பற் கிருமி' என்றே பெயர் சூட்டினார்கள். சோம்பல் என்று ஏசப்பட்டது இரத்தமின்மை என்பதை நுண்நோக்கி காட்டிற்று. ஆனால், மலகூடமும் காலணியும் இல்லாத லயத்து வாழ்வை நுண்நோக்கியால் மாற்ற முடியுமா?

உள்நோவு ஏன் தெளிவின்றி, இடம் மாறித் தோன்றுகிறது? உள்ளுறுப்புகளின் நரம்புகள் சிலவே. அவை முண்ணாணில் தோலின் நரம்புகளோடு ஒரே வழியிற் கலக்கின்றன. அதனால் இதயத்தின் நோவு இடக்கையில் உணரப்படுகிறது; குடல்வாலின் அழற்சி முதலில் தொப்புளைச் சுற்றி நோகிறது. ஹென்றி ஹெட் என்ற ஆங்கில மருத்துவர் 1893இலேயே உள்ளுறுப்பு நோய்களுக்குரிய தோற்பரப்புகளை வரைந்து காட்டினார். நோயாளி இடத்தைத் துல்லியமாகக் காட்டத் தடுமாறுவது பொய்யன்று. உடலின் அமைப்பே அது.

ஒரு நூற்றாண்டின் பின் விஞ்ஞானம் மூளைக்குள்ளேயே நோக்கியது. 1990இல் செய்ஜி ஒகாவா, இரத்தத்தின் ஒட்சிசன் மாற்றங்களைக் காந்தப் படமாக்கும் வழியை வெளியிட்டார். 1997இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள், வேறொரு படமுறையைக் கொண்டு, குடலிறுதியில் சிறு பலூனை ஊதி, அப்போது மூளையில் இரத்தவோட்டம் எங்கே மாறுகிறதென அளந்தார்கள். உறுத்தல் மட்டுமன்று, வரப்போகும் நோவை எதிர்பார்த்தலும் மூளையிற் சுவடு பதித்தது. அச்சமும் நினைவும் நோவின் உறுப்புகளே என்பது இதனாற் புலனாகிறது.

எனினும் நாம் ஏமாறக்கூடாது. அப்படங்கள் பலரின் மூளைகளை ஒப்பிட்டுப் பெற்றவை. தனியொருவர் மெய் சொல்கிறாரா என்று தீர்ப்பளிக்கும் நீதிபதியல்ல. கங்காணியின் இடத்தில் கருவியை அமர்த்துவது முன்னேற்றமாகாது. நோவை ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020இல் திருத்திய தன் வரையறையில், ஒருவர் தம் நோவைப்பற்றிக் கூறுவதை மதிக்க வேண்டுமென எழுதியது. லயத்துப் பெண் பெரட்டுக் களத்தில் கேட்டதும் அதைத்தானே! விஞ்ஞானம் நெடுவழி நடந்து அவள் சொல்லிடமே வந்து சேர்ந்திருக்கிறது. இனி வந்து சேர வேண்டியவர்கள் வேறு பலர்.