வாடகை வீடு: ஆணி அடிக்காமல் அழகாக்குவது எப்படி?

"செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது." சென்னையில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன நிபந்தனை. மீறினால், காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் கை வைப்பார்கள். அதற்காக வெறும் சுவரையே பார்த்துட்டு இருக்கணுமா? வேண்டாம். கையோடு எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களுக்கு மட்டும் செலவு செய்தால் போதும்.

முதல் நாள் செய்ய வேண்டியது என்ன?

சாமான்களை இறக்கும் முன் சுவர், தரை, கதவு, பாத்ரூம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பழைய ஓட்டை, கறைக்கெல்லாம் உங்கள் மேல் பழி வராது. பெயின்ட் அடிக்க, அலமாரி பொருத்த நினைத்தால் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, தனி ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது.

சுவரில் எதை மாட்டலாம்?

சின்னப் படங்களுக்கு ஒட்டும் ஹூக் போதும். ஆனால் சுண்ணாம்பு, டிஸ்டம்பர் அடித்த சுவரில் அது பெயின்ட்டோடு பெயர்ந்து வரலாம். கதவுக்குப் பின்னால் ஒன்றை ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். பெரிய படத்தை மேஜை மேல் சுவரில் சாய்த்து வைத்தாலே அழகுதான்.

திரைக்கும் தரைக்கும் என்ன செய்யலாம்?

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை இருக்கா? ஐந்தரை மீட்டர் சேலையை இரண்டாக வெட்டித் தைத்தால், 7 அடி வாசலுக்கு இரண்டு திரை ரெடி. நிலைக்கட்டைகளுக்கு நடுவே இறுகி நிற்கும் ஸ்பிரிங் ராடில் மாட்டினால் துளை போட வேண்டியதில்லை. கறை படிந்த டைல்ஸை ஒரு பவானி ஜமுக்காளம் மறைத்துவிடும்.

வெளிச்சத்துக்கு?

வெள்ளை டியூப் லைட்டை மட்டும் நம்பாமல், மூலையில் ஒரு மேஜை விளக்கு வையுங்கள். பல்பு அட்டையில் 2700 முதல் 3000 கெல்வின் என்று பார்த்து வாங்கினால் இதமான மஞ்சள் ஒளி கிடைக்கும்.

செடி வைக்க இடமில்லையா?

கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைக்கலாம். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அதன் இலை நச்சுத்தன்மை கொண்டது என்பதால் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டக் கூடாது.

எதைத் தவிர்க்கணும்?

ஃபால்ஸ் சீலிங், சுவரோடு பதிக்கும் கப்போர்டு. போட்ட பணம் ஓனர் வீட்டிலேயே தங்கிவிடும். ஓதம் ஏறிய சுவரில் வால்பேப்பரும் வேண்டாம். உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

பட்ஜெட் குறைவென்றால் முதலில் விளக்கு, அடுத்து திரை. ஊரிலிருந்து வந்த பித்தளைச் செம்பையும் தாத்தாவின் ரேடியோவையும் பரணில் போடாமல் ஹாலில் வையுங்கள். அதற்குச் செலவே இல்லை.