மொடக்குறிச்சியின் வாக்குச் சீட்டு

1996-ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டனர். தம் குறைகள் செவிமடுக்கப்படவில்லை எனக் குமுறிய உழவர்கள், வேட்புமனுவையே முறையீடாக்கினர். வாக்குச் சீட்டு புத்தகமாயிற்று! அதில் தமக்கு வேண்டிய பெயரைத் தேடி முத்திரையிட நம் கொங்குத் தாய்மார் பட்ட பாட்டைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். வென்றவர் திருமதி சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 பேருக்கு ஒரு வாக்கும் விழவில்லை. தமக்குத் தாமே வாக்களிக்கவும் அவர்கள் எண்ணவில்லை போலும்.

அவ்வாண்டிலேயே, பொதுப் பிரிவினர்க்கு 250 ரூபாயாயிருந்த வைப்புத்தொகை 5,000 ரூபாயாக்கப்பட்டது. கூட்டம் குறைந்தது, எளிய உழவனின் வழியும் குறுகியது என்பதே நம் கருத்து. சீட்டு நீண்டதே தவிர, வேட்பாளர் யார் என்பதை அன்று அது சொல்லவில்லை. 2002-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னரே சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்கு ஆகியவற்றை வேட்பாளர் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிடலாயினர். அது தேர்தல் அலுவலரின் அறிவிப்புப் பலகையில் எவரும் படிக்க ஒட்டப்படுகிறது.