ஆட்டக் கணக்கும் பாதத்தின் கணக்கும்: வெம்பக்கோட்டை வட்டாரக் கபடியில் உழைப்புச் சுமையும் காயமும்

முன்னுரை

அதிகம் ஆடுகிறவருக்கு அதிகம் அடிபடும் என்பது களத்தோரத்தில் நிற்கும் எவரும் சொல்லிவிடும் கணக்கு. விளையாட்டு மருத்துவமும் நெடுங்காலம் இதே கணக்கைத்தான் இன்னும் கொஞ்சம் துல்லியமாகப் போட்டுவந்தது. எத்தனை ஆட்டம், எத்தனை நிமிடம், எத்தனை மோதல் என்று எண்ணி, அதைக் காயங்களின் எண்ணிக்கையோடு பொருத்திப் பார்த்தது. தொழில்முறை ஆட்டக்காரருக்கு இந்த முறை ஓரளவு பொருந்தும். அவருக்கு ஆட்டமே வேலை. பகலில் பட்டாசு ஆலையில் உருப்படிக் கூலிக்கு உழைத்துவிட்டுத் திருவிழா இரவில் களமிறங்கும் வெம்பக்கோட்டை வட்டாரக் கபடி வீரருக்கு இது பொருந்தாது. அவருடைய கணுக்காலையும் பாதத்தையும் பதம் பார்ப்பது மொத்தச் சுமையைவிட, சும்மா இருந்த காலத்துக்கும் திடீரென ஆடும் காலத்துக்கும் இடையிலான ஏற்றமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்கக் களம் தரும் சான்று

பாதக் காயங்களை மிக விரிவாகப் பதிவுசெய்திருக்கும் விளையாட்டுகளில் அமெரிக்கக் கால்பந்தும் ஒன்று. அந்நாட்டுத் தேசியக் கால்பந்து லீக்கில் 2021 முதல் ஒவ்வோர் அணியும் 18 வாரத்தில் 17 ஆட்டம் ஆடுகிறது. வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே அடிக்கடி பேசப்படும் பாதக் காயங்கள் மூன்று. பெருவிரலின் அடிமூட்டு பின்னோக்கி மடங்கித் தசைநார் கிழிவது ஒன்று. நடுப்பாத மூட்டுகள் நிலைபெயர்வது மற்றொன்று. நெப்போலியன் காலத்து அறுவை மருத்துவர் லிஸ்ஃபிராங்கின் பெயரில் இது வழங்குகிறது. சிறுவிரலுக்குப் பின்னால் பாதத்தின் வெளியோரமாக ஓடும் ஐந்தாம் பாத எலும்பின் அடிப்பகுதி முறிவது மூன்றாவது. ராபர்ட் ஜோன்ஸ் 1902இல் இதை விவரித்தார்; நடனமாடும்போது தம் காலிலேயே ஏற்பட்ட முறிவும் அவர் எழுதியவற்றுள் ஒன்று.

முதல் இரண்டும் பெரும்பாலும் ஒரு நொடியில் நேர்பவை. மூன்றாவது, ஒரே முறுக்கிலும் நேரலாம், பல வாரம் எலும்பில் சேர்ந்த அயர்ச்சியின் முடிவாகவும் வரலாம். ஆகவே 'பாதக் காயம்' என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுச் சுமையோடு ஒப்பிடும் ஆய்வு தொடக்கத்திலேயே வழி தவறுகிறது.

தரையும் தனிக்காரணம். 2012 முதல் 2018 வரையிலான லீக் தரவுகளைக் காட்டி, செயற்கைப் புல்தரையில் பிறர் மோதாமலேயே ஏற்படும் பாத, கணுக்கால் காயங்களின் வீதம் இயற்கைப் புல்லைவிட 69 விழுக்காடு கூடுதல் என்று வீரர் சங்கத் தலைவர் ஜே.சி. டிரெட்டர் 2020இல் எழுதினார். சங்கம் தன் உறுப்பினருக்காகப் பேசுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆயினும் ஒரே ஆட்டம், ஒரே சுமை, தரை மட்டும் வேறு என்றால் காயமும் வேறுபடும் என்பதை அது உணர்த்துகிறது.

நம் வாதத்துக்கு மிக நெருக்கமான சான்று 2011இல் கிடைக்கிறது. உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான ஊதியத் தகராறில் அவ்வாண்டு மார்ச் முதல் ஜூலை வரை லீக்கின் கதவுகள் அடைக்கப்பட்டன. அணியின் பயிற்சியாளர் கண்காணிப்பின்றி வீரர்கள் தனித்தனியே இருந்தார்கள். கதவு திறந்து பயிற்சி முகாம் தொடங்கிய முதல் 12 நாளில் 10 பேருக்குக் குதிகால் நாண் காயம் ஏற்பட்டது; அடுத்த 17 நாளில் இருவருக்கு. அந்த வீரர்கள் அதிகம் ஆடியதால் விழவில்லை. ஆடாமல் இருந்துவிட்டு அவசரமாக ஆடத் தொடங்கியபோது விழுந்தார்கள்.

கபடியின் இரண்டு நாட்காட்டிகள்

தொழில்முறைக் கபடியின் சுமை அமெரிக்கக் களத்தைவிட நெருக்கமானது. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் 2017 முதல் 12 அணிகள். தமிழ் தலைவாஸ் அணி அந்த ஆண்டுதான் சேர்ந்தது. 2024 பருவத்தில் ஒவ்வோர் அணியும் அக்டோபர் 18 தொடங்கி டிசம்பர் கடைசி வாரத்துக்குள் 22 லீக் ஆட்டங்களை முடித்தது. ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம்.

ஆனால் ஆட்ட எண்ணிக்கை மட்டும் காயத்தை விளக்கிவிடாது என்பதற்கும் தமிழ் தலைவாஸ் அணியிலேயே சான்று உண்டு. 2022 பருவத்துக்கான ஏலத்தில் ரெய்டர் பவன் செஹ்ராவத்தை அந்த அணி 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியவில்லை. அடிபட்டது பாதம் அல்ல, முழங்கால். என்றாலும் சுமை காயத்தை விளக்குமா என்ற கேள்வி அதேதான். அந்தப் பருவத்தின் ஆட்டச் சுமை என்று அவர் கணக்கில் ஏறியிருந்தது சில நிமிடங்களே.

இனி ஊர்த் தொடர்களைப் பார்ப்போம். நாக் அவுட் முறையில் 32 அணிகள் மோதினால் கோப்பை வாங்கும் அணி 5 ஆட்டம் ஆடியாக வேண்டும். ஊர்களில் இது பெரும்பாலும் ஓரிரவில், மிஞ்சினால் இரண்டு இரவில் முடிந்துவிடும். லீக் வீரர் பதினைந்து நாளில் ஆடுவதை ஊர் வீரர் விடிவதற்குள் ஆடுகிறார். பாதி நேரத்தைக் குறைத்து ஆடினாலும் ஏற்றம் பெரிது.

வெம்பக்கோட்டையில் இதற்கு ஆலையின் நாட்காட்டி கூடுதல் அழுத்தம் தருகிறது. ஊரார் 'பட்டாசு ஆபீஸ்' என்று சொல்லும் ஆலைகளில் ஆடி பிறந்தால் தீபாவளிச் சரக்குக்கான நெருக்கடி. உருப்படிக் கூலி என்பதால் கை ஓடும் வரை கூலி. மாலை நேரப் பயிற்சி முதலில் கைவிடப்படுவது அப்போதுதான். தீபாவளி முடிந்து வேலை தணிந்தபின் தை, பங்குனி, சித்திரை என்று பொங்கலும் அம்மன் கோயில் கொடைகளும் வரிசைகட்டும், அவற்றோடு தொடர்களும். 2011இல் அமெரிக்காவில் ஒருமுறை நடந்த கதவடைப்பு இங்கே ஆண்டுதோறும் நடக்கிறது.

அறைக்குள் பாதம், களத்தில் பாதம்

ஆலை வேலை உடலுழைப்புத்தானே, அதுவே பயிற்சி ஆகாதா என்று கேட்கலாம். வேலையை அருகில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். விபத்தில் உயிர்ச்சேதத்தைக் குறைக்க ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. இரும்பு ஆணி அடித்த காலணிக்கு இடமில்லை. பொறி பறந்தால் முடிந்தது. தொழிலாளி செருப்பை வாசலில் விட்டுத் தரையில் சம்மணமிட்டு மணிக்கணக்கில் திரி செருகுகிறார், சரம் பின்னுகிறார். அப்போது கணுக்கால் உள்நோக்கித் திரும்பி உடலின் கீழ் அழுந்திக் கிடக்கிறது. கெண்டைக்கால் தசை நீள வாய்ப்பே இல்லை. பெட்டி சுமக்கும் லோடுமேனின் கால் வலுப்படும். ஆனால் அதுவும் நேர்கோட்டில் நடக்கும் வலு.

களம் கேட்பது வேறு. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் உள்ள கோட்டைத் தாண்டி, அதற்கு ஒரு மீட்டர் அப்பால் உள்ள போனஸ் கோட்டை நோக்கி ரெய்டர் ஒரு காலை நீட்டுகிறார். கையில் இருப்பது 30 நொடி. மூலையில் பதுங்கிய கார்னர் வீரர் பாய்ந்து இரு கையாலும் கணுக்காலைப் பூட்டுகிறார். ரெய்டரின் உடல் ஏற்கெனவே நடுக்கோட்டை நோக்கித் திரும்பிவிட்டது. பாதம் மட்டும் திரும்பவில்லை. உடம்பின் எடை முழுவதும் அந்த நடுப்பாதத்தில் முறுக்கிக்கொண்டு இறங்குகிறது. மண் களத்தில் வெறுங்கால் சற்றே வழுக்கி முறுக்கைத் தளர்த்தும். ‘மேட்’ எனும் செயற்கை விரிப்பில் காலணியின் ரப்பர் பிடித்துக்கொள்ளும். ஊரில் மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர் மாவட்டப் போட்டிக்கு வந்து அந்த விரிப்பில் ஏறும்போது, செயற்கைப் புல் பற்றிய அமெரிக்க விவாதம் அவருடைய விவாதமும் ஆகிவிடுகிறது. மண்ணும் எப்போதும் இரக்கம் காட்டாது. கரிசல் காய்ந்தால் வெடித்து இறுகும். செம்மண்ணோ மணலோ பரப்பித் தண்ணீர் தெளிக்காத களம் கல்தரைக்குச் சமம்.

இரண்டு மறுப்புகள்

பிடியில் நேரும் காயத்துக்கும் பழைய சுமைக்கும் என்ன தொடர்பு என்பது முதல் மறுப்பு. பிடி, காயம் நேரும் கணத்தை முடிவுசெய்கிறது. அந்தக் கணத்தைத் தசைநார் தாங்குமா என்பதை முந்தைய வாரங்கள் முடிவுசெய்கின்றன. ஐந்தாவது ஆட்டத்தில், விடியற்காலையில், களைத்த தசை கணுக்காலைக் காக்க ஒரு கணம் தாமதிக்கிறது. பிடியால் மட்டுமே நேரும் காயங்களும் உண்டு. அவற்றை இவ்வாதம் விளக்காது.

இரண்டாவது மறுப்பு அளவீடு பற்றியது. ஒரு வாரச் சுமையை முந்தைய நான்கு வாரச் சராசரியால் வகுக்கும் விகிதம், கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் பற்றிய 2014ஆம் ஆண்டு ஆய்வுக்குப்பின் பெரும் செல்வாக்குப் பெற்றது. 2020 வாக்கில் இம்பெல்லிசேரி முதலியோர் அதன் கணித அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினர். அவர்கள் வாதம் வலுவானது. விகிதத்தில் ஓர் எண்ணைத் தொட்டால் ஆபத்து, தொடாவிட்டால் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ஏற்றம் முக்கியம் என்ற கருத்துக்கு அந்த விகிதம் அவசியமும் இல்லை.

நடைமுறையில் என்ன செய்யலாம்

கார்ல் ஃபாஸ்டர் முன்வைத்த எளிய முறை இங்கே போதும்: எவ்வளவு கடினமாக இருந்தது என்று வீரரே பத்துக்கு மதிப்பிட்டு, அதை நிமிடத்தால் பெருக்குவது. ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தால் போதும். ஆனால் அதில் ஆலை வேலையும் தனி வரியாக ஏற வேண்டும். தொடருக்கு மூன்று வாரம் முன்பே, வாரத்துக்கு மூன்று மாலை, திரும்புதலும் தாவலும் கொண்ட பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். தொடர் நடத்துவோர் ஒரே இரவை இரண்டாக்கலாம்.

அடிபட்டதும் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடும் பழக்கம் நடுப்பாதக் காயத்துக்குக் கேடு. 1990களில் கனடாவில் உருவான ஒட்டாவா விதிகள் நடுவருக்கே உதவும். கணுக்காலிலோ நடுப்பாதத்திலோ வலி இருந்து, நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே தேவை. கணுக்கால் முண்டுகளின் பின்விளிம்பிலோ, ஐந்தாம் பாத எலும்பின் அடியிலோ, பாதத்தின் உள்பக்க வளைவின் உச்சியிலோ அழுத்தினால் வலித்தாலும் தேவை. நடுப்பாதத்தில் ஐயம் இருந்தால் நின்ற நிலையில் எடுக்கும் படமே உண்மையைக் காட்டும்.

கூலி பற்றியும் பேசியாக வேண்டும். இ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவாகி, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருந்தால், மருத்துவச் சான்றுடன் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு நோய்க்காலப் பயனாகக் கிடைக்கும். காயம் ஆலைக்கு வெளியே நேர்ந்தது என்பது அதற்குத் தடை அல்ல. பதிவேட்டில் பெயரில்லாதவருக்கு இது இல்லை. அவர் வீக்கம் வடியும் முன்பே மறுபடி சம்மணமிட்டு உட்காருகிறார். அடுத்த தொடருக்கும் பெயர் கொடுக்கிறார்.

முடிவுரை

இவ்வாதத்தைச் சோதித்துப் பார்க்க வழி உண்டு. வட்டாரத்தின் தொடர்களில் நேரும் கணுக்கால், பாதக் காயங்களை மாதவாரியாகவும் ஆட்ட வரிசைப்படியும் இரண்டு ஆண்டு பதிவுசெய்ய வேண்டும். ஆடப்பட்ட ஆட்டங்களின் வீதத்தில் அவை தை முதல் சித்திரை வரை சீராகப் பரவியிருந்தால் இங்கே சொன்னது தவறு. பருவத்தின் முதல் தொடர்களிலும் இரவின் கடைசி ஆட்டங்களிலும் குவிந்திருந்தால், தொடர் அட்டவணை போடுவோரும் ஆலை நிர்வாகங்களும் மாவட்ட விளையாட்டு அலுவலகமும் வீரரின் ஆண்டு முழுவதையும் ஒரே கணக்காகப் பார்க்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது.