துபாஷியின் நாட்குறிப்பு

பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியது 1786-ஆம் ஆண்டில். அதற்கு 50 ஆண்டுகளுக்கு முன், 1736 செப்டம்பரில், புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். பின்னர் 1747-இல் அவர் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷியானார். துபாஷி மொழிபெயர்ப்பாளர் மட்டுமல்லர். வாணிகத்திலும் அரசியலிலும் கவர்னருக்கு யோசனை கூறுபவர். இன்றைய ஆலோசகர் தொழிலுக்கு அவரை முன்னோடி எனலாம்.

அப்பதவி எளிதன்று. கவர்னரின் மனம் கோணாமலும் உண்மை மறையாமலும் பேசவேண்டும். கவர்னரின் மனைவியாரோ பிள்ளையிடம் பகைமை பாராட்டினார். வெளியே சொல்ல இயலாத மனக்குறைகளை அவர் நாட்குறிப்பில் எழுதினார். சரக்கு விலை, போர்ச் செய்தி, வீட்டு விசேஷம், சோதிடர் வாக்கு ஆகிய யாவும் அதில் அருகருகே காணப்படுகின்றன. அலுவலும் இல்லமும் அவருக்கு வெவ்வேறாக இருக்கவில்லை.

ஆயினும் சொந்த வாணிகத்தை அவர் கைவிடவில்லை. ‘ஆனந்தப்புரவி’ என்ற கப்பலும் அவருக்கு இருந்தது. 1754-இல் டூப்ளே பிரான்சுக்குத் திரும்பினார். 1756-இல் பிள்ளையும் பதவி இழந்தார். நாட்குறிப்போ நிற்கவில்லை. 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் வசமான அதே மாதத்தில், அவர் மறையும் காலம்வரை அது தொடர்ந்தது. கவர்னருக்குக் கூறிய யோசனைகள் அவ்வாட்சியோடு மறைந்தன. தமக்கென எழுதி வைத்ததே வரலாற்றுச் சான்றாக நிலைத்தது.